சரிவும் நிழலுமான கொல்லை

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு பார்க்கப் போகிறவர்கள் முன்வாசலில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்ததுமே பாதி முடிவு செய்துவிடுகிறார்கள். பின்பக்கம் போனதும்தான் முகம் மாறுகிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் நாலடி தள்ளி மண்மேடு. மேட்டின் மேல் சில்வர் ஓக்கும், மலைக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்கிற யூகலிப்டஸும் வானத்தை மறைத்து நிற்கின்றன. கீழே சருகு, பாசி, எப்போதும் காயாத ஈரம். இதை என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே யோசனைதான் வருகிறது: மரத்தை எடுத்துவிட்டு, பொக்லைன் விட்டு மட்டப்படுத்திவிடலாம்.

அந்த யோசனை ஆபத்தானது. தேவையும் இல்லாதது. சரிவை வெட்டித் தள்ளாமல், நிழலை விரட்டாமல், மூட்டுவலிக்காரப் பாட்டி முதல் நடை பழகும் குழந்தை வரை எல்லோரும் புழங்குகிற கொல்லையை அமைக்க முடியும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று மலையூர்களில் குடியிருக்கிற குடும்பங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. ஓய்வுக்குப் பிறகு மலையில் ஒரு வீடு என்று கனவு காண்கிறவர்களுக்கும் இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். காரணம், மலைவீட்டின் ஆயுளைக் கொல்லைதான் தீர்மானிக்கிறது.

முதல் வேலை தண்ணீருக்கு வழி

2009 நவம்பரில் பெய்த மழையை நீலகிரி இன்னும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியிலும் ஒரே நாள் மழை 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. இப்படி ஒரு மழை இனி வராது என்று நினைத்துக்கொண்டு மலையில் எதையும் கட்டக் கூடாது.

நீலகிரியின் செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது அதை ஆளுயரத்துக்குச் செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். நாலைந்து கோடை அப்படியே நிற்பதைப் பார்த்து, இனி ஒன்றும் ஆகாது என்று அடுத்த அறையைக் கட்டுகிறோம். தொடர் மழையில் மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பும்போது மண்ணின் பிடி தளர்கிறது, எடையும் கூடுகிறது. சரிவின் அடியை வீட்டுக்காக ஏற்கெனவே வெட்டியிருந்தால் தாங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே செடி வாங்குவதற்கு முன்னால், ஊஞ்சல் போடுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் அரைமணி நேரம் நின்றால் போதும். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் நம் மேட்டில் இறங்குகிறதா, மேல் சாலையின் சாக்கடை நிரம்பி வழிகிறதா, மண்ணுக்குள்ளிருந்து ஊற்றாகக் கசிகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். தெளிவாகக் கசிந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலும், மேட்டின் மேல் தரையில் பிறை வடிவில் வெடிப்பு கண்டாலும், நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்ந்தாலும், அன்றைக்குத் தோட்ட வேலையை யோசிக்காதீர்கள். வீட்டை விட்டு வெளியே வந்து வருவாய்த் துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

நம் கூரைத் தண்ணீரே கணிசமானது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் சேரும். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. பல வீடுகளில் இது தகரக் கூரையின் ஓரத்திலிருந்து நேராகச் சரிவில் கொட்டி, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அடிமண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது. கூரை ஓரத்தில் கால்வாய் பொருத்தி, குழாயில் இறக்கி, சிமென்ட் வாய்க்கால் வழியாகத் தெருச் சாக்கடை வரை கொண்டுபோய் விட வேண்டும். மேட்டின் தலைப்பில் குறுக்காக இன்னொரு வாய்க்கால் வேண்டும். மேலிருந்து வருகிற நீரைக் கொல்லைக்குள் விடாமல் மறித்து ஓரமாக நகர்த்துவது அதன் வேலை. 100 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்தால் போதும். அதிகம் கொடுத்தால் தண்ணீர் வேகமெடுத்து வாய்க்காலையே அரிக்கும்.

இங்கே சமவெளிப் பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கிறது. மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது நல்லது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னைக்கு அது சரி. ஆனால் மலையில் வெட்டிய சரிவின் தலைப்பில் உறிஞ்சுகுழி தோண்டுவது சரிவைத் தளர்த்தும் வேலை. இங்கே தொட்டி வைத்துச் சேமியுங்கள், நிரம்பி வழிவதைக் குழாயில் வெளியேற்றுங்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் இதே பேச்சுதான். தடுப்புச்சுவருக்கு மேல்பக்கம் அது இருக்கவே கூடாது.

மேட்டுக் கொல்லையா, பள்ளக் கொல்லையா?

வீட்டிலிருந்து மேலே ஏறுகிற கொல்லையும் கீழே இறங்குகிற கொல்லையும் வேறு வேறு. மேட்டுக் கொல்லையில் பயம் வீட்டுக்கு: தண்ணீரும் மண்ணும் நம்மை நோக்கி வருகின்றன. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே குறைந்தது ஓர் ஆள் தாராளமாக நடக்கிற சந்து திறந்தே இருக்க வேண்டும். விறகு அடுக்கவும் பழைய சாமான் போடவும் அந்தச் சந்து ஆசை காட்டும், விடாதீர்கள். பள்ளக் கொல்லையில் பயம் வீட்டின் அஸ்திவாரத்துக்கு. பல வீடுகளில் மேட்டை வெட்டிய மண்ணையே கீழே தள்ளிப் பரப்பி முற்றமாக்கியிருப்பார்கள். அது இறுகாத மண். அதன்மேல் தண்ணீர்த் தொட்டியோ கனமான சுவரோ வைக்கக் கூடாது. பார்வைக்கும் வெயிலுக்கும் பள்ளக் கொல்லைதான் நல்லது. குடும்பம் உட்கார்வதற்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சரிவு எவ்வளவு என்று அளக்கக் கொத்தனாரிடம் இருக்கிற ட்யூப் லெவல் போதும். கண்ணாடி போன்ற அந்தக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சமையலறை வாசல்படியில் பிடித்து, மறுமுனையை மேட்டில் நிறுத்திய கழியோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கழியில் அடையாளம் போட்டு உயர வித்தியாசத்தை எடுத்துவிடலாம். 10 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம் வரை சுவரே தேவையில்லை, புல்லும் பாதையும் போதும். 4 அடிக்கு 1 அடி என்றால் தாழ்ந்த சுவர்களோடு தட்டுத் தட்டாக அமைக்கலாம். 2 அடிக்கு 1 அடி ஏறுகிறது என்றால் அந்தப் பகுதியைப் புழக்கத்துக்கு எடுக்காமல் மரம் செடி கொடிக்கே விட்டுவிடுங்கள். இருக்கிற நிலத்தில் பாதியைத்தான் பயன்படுத்த முடிகிறது என்று வருத்தம் வேண்டாம். மீதிப் பாதிதான் வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு சின்னச் சுவர்

தட்டு அமைப்பது மலைக்குப் புதிதல்ல. கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்குப் போகிறவர்கள் ஊருக்குக் கீழே இறங்கும் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். ஊட்டியில் உள்ள மத்திய அரசின் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நீலகிரி விவசாயிகளுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதும் தட்டுகளைப் பற்றித்தான். அதில் ஒரு நுட்பம் வீட்டுக் கொல்லைக்கும் பொருந்தும்: மழை அதிகமுள்ள மலையில் தட்டின் தரை வெளிப்பக்கமாகச் சாயாமல் மலைப்பக்கமாக லேசாக உள்சாய வேண்டும். அப்போது தண்ணீர் சுவரின் விளிம்பில் வழிந்து அரிக்காது. உள்பக்க மூலையில் ஒரு சிறு கால்வாயில் சேர்ந்து ஓரமாக வெளியேறும்.

6 அடி உயரத்தைத் தாங்க வேண்டுமென்றால் ஒரே சுவராக எழுப்பாமல் 3 அடிச் சுவர் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 4 அடிச் சுவரின் பின்னால் தண்ணீர் நிரம்பி நின்றால், நீளவாக்கில் ஒவ்வொரு மீட்டருக்கும் நீரின் தள்ளு மட்டும் 700 கிலோவுக்கு மேல். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். மண்ணின் தள்ளு இதற்கு மேல் தனி. இரண்டு சுவருக்கும் நடுவே கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி, அதாவது 3 அடிச் சுவர் என்றால் 6 அடி, இருக்க வேண்டும். நெருக்கி வைத்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் தலையில் இறங்கும். அந்த 6 அடி வீண்போவதும் இல்லை. ஒரு பெஞ்சும் இரண்டு நாற்காலியும் போட அது தாராளம்.

மலைக்கு நான் பரிந்துரைப்பது சிமென்ட் வைக்காத கருங்கல் அடுக்குச் சுவர். பழைய தேயிலைத் தோட்டங்களில் இன்னும் அப்படியே நிற்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் தானாக வெளியேறுவதால் பின்னால் தேங்குவதில்லை. மண் கொஞ்சம் அசைந்தாலும் சுவர் வெடிக்காமல் இசைந்து கொடுக்கிறது. கட்டுகிற முறையில்தான் கவனம் வேண்டும். தரைக்குக் கீழே ஓர் அடி தோண்டிப் பெரிய கற்களை முதல் வரியாகப் பதிக்க வேண்டும். அடியில் அகலம், சுவரின் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு அடி ஏறும்போதும் முகப்பு 2 அங்குலம் மலைப்பக்கமாகச் சாய வேண்டும். இரண்டு கல் சேருகிற இடத்துக்கு மேல் மூன்றாவது கல்லின் நடு வர வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இடுக்கு ஓடினால் அந்தக் கோட்டில்தான் சுவர் பிளக்கும். நாலைந்து அடிக்கு ஒரு கல், சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போய்ப் பின்மண்ணைத் தொடுகிற நீளக் கல்லாக இருக்க வேண்டும். செலவைக் குறைக்க விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த நீளக் கல்லைத்தான். பக்கத்தில் நின்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, அப்புறம்தான் மண்.

சிமென்ட் வைத்துக் கட்டுவதாக இருந்தால் ஜல்லியோடு, 4 அல்லது 5 அடிக்கு ஒன்றாக வடிகுழாய் பதித்தே தீர வேண்டும். பிறகு அந்த ஓட்டைகளைப் பூச்சுவேலையில் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். 4 அடிக்கு மேல் எந்தச் சுவருக்கும் ஒரு கட்டடப் பொறியாளரின் கணக்கு அவசியம். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் மிச்சமல்ல.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நீலகிரியில் பொக்லைன் போன்ற இயந்திரங்களால் மண் எடுப்பதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இவற்றை இடைஞ்சலாகப் பார்க்கிறவர்கள் அதிகம். மேல்வீட்டுக்காரர் வெட்டுகிற மரம் கீழ்வீட்டுக்காரரின் கூரைமேல் வந்து இறங்கும் ஊரில் இதைவிடத் தளர்வான சட்டம் இருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

மரத்தைச் சுற்றி மட்டப்படுத்தாதீர்கள்

மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் 2 அடி ஆழத்துக்குள்ளேயே படர்ந்திருக்கிறது. கிளைப்பரப்பின் அடியில் மண்ணை வெட்டினால் வேர் போகும். அங்கே மண்ணைக் கொட்டி உயர்த்தினால் வேருக்குக் காற்று போகாது, அடிமரம் அழுகத் தொடங்கும். இரண்டில் எது நடந்தாலும் மரம் உடனே சாவதில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு காற்றுநாளில் வீட்டின்மேல் சாய்கிறது.

நிழலுள்ள இடத்தில் உட்கார ஒரு சமதளம் வேண்டுமென்றால் தரையைத் தொடாமல் மேடை போடுங்கள். நாலு கல்தூணோ இரும்புக் குழாயோ நிறுத்தி, மேலே பலகை பரப்பிய 10-க்கு 10 மேடையில் ஒரு குடும்பம் சாயங்கால டீ குடிக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், விருந்தாளி வந்தால் பாய் விரித்துச் சாப்பிடலாம். தூண் நிற்கிற இடத்தில் மட்டும்தான் தோண்டல். சரிவு அப்படியே இருக்கிறது, தண்ணீர் அடியில் தன் வழியே போகிறது. மட்டப்படுத்துவதற்கும் பெரிய சுவருக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டால் மழைநீர் தேங்காது, பாசியும் குறையும்.

படிக்கட்டில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். கொல்லையை வீட்டார் புழங்குவார்களா மாட்டார்களா என்பதைப் படிதான் முடிவு செய்கிறது. ஒரு படியின் உயரம் 6 அங்குலம், கால் வைக்கும் மிதி 13 அல்லது 14 அங்குலம். இந்த அளவில் முழங்கால் வலிக்காமல் ஏறலாம். 8 அல்லது 10 படிக்கு ஒருமுறை, நின்று மூச்சுவிட ஒரு தட்டு. ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய். நிழலில் பாசி பிடித்தே தீரும் என்பதால் மழமழப்பான கடப்பாக்கல்லும் டைல்ஸும் வேண்டாம், கொத்துவிட்ட கருங்கல்தான் காலைப் பிடிக்கும். மிதி முன்பக்கமாகக் கடுகளவு சாய்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது. நேர்ச்செங்குத்தாக மேலேறும் படியைவிட, சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து ஏறித் திரும்புகிற பாதை எப்போதும் மேல்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போங்கள். 1874-ல் உருவான அந்த 12 ஹெக்டேர் தோட்டம் முழுவதும் மலைமடிப்பு ஒன்றில்தான் இறங்குகிறது. நுழைவாயிலிலிருந்து பாதைகள் சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து இறங்கும். பழைய மரங்களை விட்டுவிட்டு அவற்றின் இடைவெளியில்தான் புல்வெளியும் பாத்தியும். ஈரமான மடிப்புகளில் பெரணிகள். தண்ணீர் இறங்கிச் சேருகிற அடியில் குளம். பெரும்பாலோர் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தரையைப் பாருங்கள், சுவர் எங்கே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவும் தொட்டபெட்டாவின் சரிவில் 1848 முதல் தட்டுத் தட்டாக வளர்க்கப்பட்டதுதான்.

பிள்ளைகளுக்குச் சரிவு ஒரு வரம்

சமவெளியில் சறுக்குமரம் வைக்க ஏணியும் கோபுரமும் வேண்டும், அங்கிருந்து விழுகிற பயமும் உண்டு. சரிவில் சறுக்குப் பலகையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்தால் குழந்தை எந்த இடத்தில் உருண்டாலும் விழுகிற உயரம் ஓர் அடிகூட இல்லை. பக்கத்தில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் ஏறுவதே ஒரு விளையாட்டு. சறுக்கின் அடியில் மணலோ மரத்தூளோ கொட்டி, அதற்கப்பால் 6 அடியாவது சமதளம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்புச்சுவரின் தலைப்பு விளையாட்டு இடத்தை ஒட்டியிருந்தால் மூன்றடிக் கம்பிவேலி கட்டாயம்.

ஊஞ்சலைச் சில்வர் ஓக் கிளையில் கட்டாதீர்கள். வளர்ச்சி வேகமான அந்த மரத்தின் கிளை எளிதில் முறியும். கற்பூர மரமும் காற்றே இல்லாத நாளில்கூடக் கிளையை உதிர்க்கும். தனியாக இரும்புச் சட்டம் நிறுத்தி ஊஞ்சல் போடுவதே நல்லது.

துணி காயப்போடும் இடத்தை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. மலைவீட்டில் அன்றாடம் கொல்லைக்குப் போகிறவர்கள் முதலில் போவது அதற்குத்தான். கொல்லையில் எந்த மூலையில் காலை வெயில் விழுகிறதோ அதைக் கொடிக்கயிற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். ரோஜாவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

நிழலில் என்ன வளரும்?

நிழல் என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. குன்னூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பரில் தெற்கு வானில் ஏறக்குறைய 55 பாகை உயரம்தான் ஏறுகிறது. ஆகவே வீட்டுக்கு வடக்கே கிடக்கிற கொல்லை மே மாதத்தில் வெயில் காயும், டிசம்பரில் அதில் வீட்டை ஒட்டிய பகுதி நாள் முழுக்க நிழலில் கிடக்கும். வாங்கிய உடனே செடி வைக்காமல், இந்த இரண்டு பருவத்திலும் எங்கே எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மண் அரிப்பென்றதும் எல்லோரும் சொல்வது வெட்டிவேர். அதன் வேர் 3 மீட்டர் ஆழம்கூட நேராக இறங்கும், உண்மைதான். ஆனால் அது வெயில் பயிர். மர நிழலில் வைத்தால் தூர்கட்டாமல் மெலிந்து போகும். கொரியன் புல்லும் அருகம்புல்லும் அப்படித்தான். நிழலில் பச்சைப் புல்வெளி வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பத்தை வாங்கிப் பதிப்பவர்களுக்கு என் யோசனை: விட்டுவிடுங்கள். நாலு மணி நேரமாவது வெயில் வருகிற இடத்தில் பஃபலோ கிராஸ் என்று நர்சரிகளில் கேட்டு வாங்குகிற அகல இலைப் புல் ஓரளவு தாங்கும். அதற்கும் குறைவான இடத்தில் புல்லே வேண்டாம்.

அந்த இடத்துக்கென்றே இயற்கை வைத்திருக்கிற செடிகள் இருக்கின்றன. சோலைக்காட்டுக்குள் நுழைந்து தரையைப் பார்த்தால் தெரியும்: பெரணி, காசித்தும்பை இனத்துச் செடிகள், குறிஞ்சி இனத்தில் நிழல் விரும்புகிற புதர்கள். சரிவைப் பிடிக்கப் பெரணிக்கும், பெயரில் மட்டும் புல்லான மோண்டோ புல்லுக்கும் இணையாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. இரண்டும் பக்கவாட்டில் படர்ந்து மேல்மண்ணைக் கட்டிக்கொள்ளும். ஈரமான பகுதியில் வல்லாரை வையுங்கள், தரையையும் மூடும், துவையலுக்கும் ஆகும். புதினாவும் அரைநிழலில் செழிக்கும். பூவுக்கு ஹைட்ரேஞ்சியா. நீலகிரி மண் புளிப்புத்தன்மை உள்ளதால் இங்கே அது நீலமாகப் பூக்கிறது. புதுச் சிமென்ட் சுவரை ஒட்டி வைத்தால் சுண்ணாம்பு கசிந்து அதே செடி இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. பியூஷியா, பெகோனியா, அசேலியா, கேமெலியா எல்லாம் இந்தக் குளிர்நிழலுக்குப் பிறந்தவை. வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிற ஓரத்தில் மரத்தக்காளியும் சௌசௌ பந்தலும் வரும். ஏற்காடு, வால்பாறை, கூடலூர் போன்ற கொஞ்சம் தாழ்ந்த மலைகளில் இன்னும் வசதி: காப்பி, ஏலம், மஞ்சள் வைக்கலாம், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றலாம்.

மர நிழலுக்கு இன்னொரு நன்மை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்தவெளிச் செடி கருகும்போது மரத்தடிச் செடி தப்பிக்கிறது. கிளைகள் தரையின் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலச் சரிவில் கீழே இறங்கிச் சேரும் என்பதால், பள்ளக் கொல்லையின் அடியில் குறுக்காக அடர்ந்த வேலி வைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சில செடிகளை ஒதுக்க வேண்டும். மலையில் வீட்டுக்கு வீடு மணிமணியாகத் தொங்குகிற ஊமத்தை இனத்துப் பூமரம் முழுக்க நஞ்சு. உண்ணிச்செடியின் பச்சைக்காய், கிளைவியா, ஹைட்ரேஞ்சியாவின் இலை ஆகியவையும் வாயில் போகக் கூடாதவை. உண்ணிச்செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், காட்டையே விழுங்குகிற செடி அது. ஆனால் சரிவு முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஒரு பட்டை பிடுங்கி அங்கே பெரணி வைத்து அது வேர்பிடித்ததும் அடுத்த பட்டைக்குப் போங்கள்.

அழைக்காமல் வருகிறவர்கள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொல்லை என்பது காட்டெருமையின் நடைபாதையும்கூட. கரடியும் வருகிறது, சில இடங்களில் சிறுத்தையும். கொய்யா, பிளம்ஸ், பலா பழுத்து உதிர்ந்து கிடந்தால் கரடிக்கு அது அழைப்பு. பழமரம் வைத்தால் வீட்டையும் விளையாட்டு இடத்தையும் விட்டுத் தள்ளி வையுங்கள், பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். சமையலறைக் குப்பையைத் திறந்த குழியில் போடாமல் மூடியுள்ள உரத்தொட்டியில் போடுங்கள். உட்காரும் இடத்தைச் சுற்றி ஆளுயரப் புதர் வேண்டாம், வீட்டுக் கதவிலிருந்து அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இருட்டிய பிறகு பிள்ளைகள் கொல்லையில் இருக்கக் கூடாது. வால்பாறை, கூடலூர் ஈரத்தில் அட்டைத் தொல்லை வேறு. மூன்றடி அகலத்துக்கு ஜல்லி போட்ட பாதை இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

வேலைக்குக் காலம் உண்டு. வாய்க்கால், சுவர், படி எல்லாம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். வெட்டிய மண்ணைத் திறந்து போட்டுவிட்டு மழைக்குள் நுழையக் கூடாது. நடவு ஜூன் சாரலில். குன்னூர், கோத்தகிரிக்குப் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். அதற்குள் செடி வேர்பிடித்திருக்கும். ஒரே வருடத்தில் எல்லாம் முடியாது: முதல் வருடம் வாய்க்காலும் சுவரும், அடுத்த வருடம் படியும் மேடையும், மூன்றாம் வருடம் பூச்செடி என்று பிரித்துக்கொண்டால் கையிருப்பும் தாங்கும், மண்ணும் இறுகும்.

ஒவ்வொரு மழைக்கு முன்னும் வாய்க்காலில் சேர்ந்த சருகை வாரிவிடுங்கள். வருகிற ஐப்பசி மழையிலேயே தொடங்கலாம். குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், தண்ணீர் ஓடுகிற வழியை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஜனவரியில் கொத்தனார் வரும்போது அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.